திரும்பாத தட்டு

கைவிரல்களை மடக்கி இறுக்கிய பெருமுட்டி ஒன்றைப் போல வானை நோக்கி எழுந்து நிற்கும் மலைத்தொடரின் மடியில், மேலே தேயிலைச் சரிவுகளும் கீழே நறுமணப் பயிர்த் தோட்டங்களுமாக இருவேறு பச்சைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும் இரத்தோட்டை என்னும் சிற்றூரின்மேல், தை மாதத்துப் பனி இன்னும் விலகாதிருந்த வேளை அது. கதிரவன் மலைமுகட்டின் பின்னே நின்று, வரலாமா வேண்டாவா என்று எண்ணுபவன் போலத் தயங்க, அவனுக்கு முன்பே எழுந்துவிட்ட மாந்தர் சாலையோரங்களில் பாய் விரித்து, முந்தின நாள் பறித்த கராம்பு மொட்டுகளை அவற்றின்மேல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். செம்மையும் பசுமையும் கலந்து கிடக்கும் அம்மொட்டுகள் நான்கைந்து வெயில் கண்டு பழுப்பேறும்போது எழும் மணம், ஊர்க்காற்றில் மட்டுமன்றி ஊராரின் ஆடையிலும் கூந்தலிலும், பள்ளிப் பிள்ளைகளின் ஏடுகளிலும்கூட ஏறிக் குடியிருக்கும். தோட்டத்துக் குடியிருப்புகளிலிருந்து பெண்களைச் சுமந்து இறங்கும் முதற்பேருந்து, வளைவுதோறும் ஊதி, மணத்தின் ஊடே மூக்கை நுழைத்து வரும் முதிய விலங்கு போல ஊருக்குள் நுழைந்தது.

அப்பேருந்தில் வந்தவர்களும், பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து முக்காடிட்டு நடந்து வந்தவர்களுமாகப் பதினெண்மர், ஓடைக்கரையில் இருந்த நீண்ட கூடம் ஒன்றுக்குள் புகுந்தார்கள். ஜவாஹிர் என்னும் முதலாளிக்கு உரிய அக்கூடத்தில், உலர்ந்த கராம்பும் மிளகும் சாதிக்காயும் துப்புரவாக்கப்பட்டுக் கடல்கடந்து செல்லும். வடக்கு நோக்கிய பெருஞ்சாளரங்களின் கீழே பெண்கள் இரு வரிசையாக அமர்ந்து, வெண்ணிற வட்டத் தட்டுகளில் கொட்டிய கராம்பிலிருந்து காம்பையும், தலையுதிர்ந்த மொட்டையும், புழுங்கிக் கறுத்ததையும் விரல்நுனியால் பிரித்தெடுப்பார்கள். ஒவ்வொருத்தியின் தட்டிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டியிருக்கும். துப்புரவான தட்டு கூடத்தின் தலைமாட்டிலுள்ள நிறுவை மேசைக்குச் செல்லும். அங்கே அமர்ந்திருக்கும் தலைவி அதைப் பார்த்து ஏற்பாள், அல்லது திருப்புவாள். தட்டு திரும்பினால், அதற்குரியவள் அன்று மாலை அனைவருக்கும் தேநீர் வார்க்க வேண்டும் என்பது அக்கூடத்தார் தமக்குள் வகுத்துக்கொண்ட விளையாட்டுச் சட்டம். யாரும் எழுதி வைக்காத அச்சட்டத்தை யாரும் மீறியதும் இல்லை.

இக்கதையைப் படிக்கப் புகும் அன்புடையீர், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நேர்மை. இங்கே அரசு கவிழப்போவதில்லை. பொருள் கொள்ளை போகப்போவதில்லை. ஒரு பெண்ணின் இரு கண்களின் ஒளி மட்டுமே இக்கதையில் தராசுத்தட்டில் ஏறி நிற்கிறது. அவள் அதை அறியாள். அறிந்திருக்கக்கூடிய நிலையில் இருந்தவள் ஒருத்தியே. அவள் அதைத் தன் கண்ணெதிரே நாள்தோறும் கண்டும் வேறொன்றாகப் படித்தாள்.

அவள் பெயர் நிஷாந்தி. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் செல்லச்சாமி என்பவருக்குப் பிறந்து, பள்ளியில் உயர்தர வகுப்பு வரை கற்று, ஆறாண்டுகள் அக்கூடத்தில் கராம்பு பொறுக்கியவள். மேற்சொன்ன தை மாதத்துக் காலையில்தான், பழைய மேற்பார்வையாளர் ஊர்மாறிச் சென்றமையால் வெற்றாக இருந்த நாற்காலிக்கு முதலாளி அவள் பெயரைச் சொன்னார். சிங்களத்தில் கடிதம் எழுதவும் கணினியில் பதியவும் அவளுக்கு வரும் என்பதே அவர் கண்ட தகுதி. ஆயினும் கூடத்திலிருந்த எல்லாருடைய கண்களும் அந்நொடியில் வேறொரு பக்கம் திரும்பின. சாளரத்தின் கீழே முதலிடத்தில், பச்சை நூல் கட்டிய தட்டோடு அமர்ந்திருந்த கைறுன்னிஸாவின் பக்கம்.

கைறுன்னிஸாவுக்கு அப்போது அகவை நாற்பத்தைந்து. கூடத்தார் அவளை, அக்கா என்னும் பொருளில், ராத்தா என்றே அழைப்பார்கள். பதினான்கு ஆண்டுகளாக அவள் தட்டு ஒருமுறையும் திரும்பியதில்லை. வெளிநாட்டார் கூடத்தைப் பார்க்க வந்தால் முதலாளி அவள் தட்டையே எடுத்து நீட்டுவார். நிலவைக் காட்டுபவர் போல அதை இரு கையாலும் ஏந்திக் காட்டுவார். முறைப்படி அந்நாற்காலி அவளுடையது. எல்லாரும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, அவள் எழுந்தாள். மேசைக்குப் பின்னிருந்த நாற்காலியை இழுத்துத் தன் முந்தானையால் தூசு தட்டினாள்.

"வந்து இரிங்க மகள். நின்டுகிட்டே எங்களயெல்லாம் எப்பிடி மேய்க்கிறது?"

"மேய்க்க நாங்க என்ன ஆடா ராத்தா?" என்று பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள் சுதர்சினி. வாய்த்துடுக்கில் அவளுக்கு இணை அக்கூடத்தில் இல்லை.

"நீ ஆடு இல்ல புள்ள. ஆடு சொன்னா கேக்கும்."

கூடம் சிரித்தது. நிஷாந்தியும் சிரித்தாள். ஆனால் அந்தப் பெருந்தன்மை அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. கைறுன்னிஸா சினந்திருந்தால், முகம் திருப்பியிருந்தால், ஒரு சொல் குத்தியிருந்தால், அதை எதிர்த்து நின்றேனும் அந்த நாற்காலியைத் தனதாக்கிக்கொண்டிருப்பாள். தூசு தட்டிக் கொடுத்த நாற்காலியில், கடனாய்ப் பெற்ற நகையை அணிந்தவள் போல, அவள் என்றும் முழுமையாகச் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

ஆறு திங்கள் கழிந்தன. ஆடிக்காற்று ஓடைக்கரை மூங்கில்களை வளைத்து ஊதிய ஒருநாள், பச்சை நூல் தட்டு மேசைக்கு வந்தபோது, அதன் இடப்பக்க ஓரத்தில் நான்கைந்து காம்புகள் கிடந்தன. நிஷாந்தி தன் கண்ணையே நம்பாமல் மீண்டும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கைறுன்னிஸாவைப் பார்த்தாள். அவளோ அடுத்த தட்டைத் தொடங்கி, பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். திருப்பினால் கூடம் முழுதும் காணும்; பதினான்கு ஆண்டின் பெயர் ஒரு காலையில் உதிரும்; அதுவும் யார் கையால்? அவளுக்கு உரிய நாற்காலியில் அமர்ந்திருப்பவளின் கையால். நிஷாந்தி தட்டை ஓரமாக வைத்தாள். நண்பகலில் எல்லாரும் சோற்றுப்பொதி அவிழ்க்க வெளியே சென்றதும், அந்தக் காம்புகளைத் தன் விரலால் பொறுக்கி எடுத்து, தட்டை நிறுவையில் ஏற்றினாள். நெஞ்சு குளிர்ந்தது. ஒரு கடனில் சிறு பங்கைத் தீர்த்தாற்போல் இருந்தது.

தீயதென்று தெரிந்து செய்யும் செயலை மனிதன் ஒருநாள் விட்டுவிடக்கூடும். நல்லதென்று எண்ணிச் செய்யும் பிழையோ, கொழுகொம்பைப் பற்றிய மிளகுக்கொடி போல ஆண்டுக்காண்டு மேலேறும். அடுத்த கிழமை இரு தட்டுகள் அவ்வாறு வந்தன. அடுத்த மாதம் நாள்தோறும் ஒன்று. நிஷாந்தி நண்பகல் உணவை விடுத்தாள். "டயட்டா அக்கா? கண்ணாடியில தெரியாத அளவுக்கு மெலியப் போறீங்க" என்று சுதர்சினி கேலி செய்தபோது, "ஆமாடி, கல்யாணம் கட்டணுமே" என்று சொல்லி நகைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருவரும் இல்லாத கூடத்தில், சாளரத்து ஒளியில், இன்னொருத்தியின் பிழையைத் தன் விரலால் அழிக்கும் அந்த அரைமணி நேரம், நோன்பிருப்பவளுக்கு வழிபாட்டு வேளை எவ்வாறோ அவ்வாறு அவளுக்கு ஆயிற்று.

இங்கேதான் அவள் தவறாகப் படித்தாள். அத்தட்டுகளில் ஒரு முறை இருந்தது. நடுவிடம் எப்போதும் போலவே துப்புரவாக, ஒரு காம்பும் இல்லாமல் ஒளிரும். ஓரத்தில் மட்டும் கழிவு ஒதுங்கி வளையமிட்டுக் கிடக்கும். மார்கழியில் ஒரு விரலகலம் இருந்த அவ்வளையம், மாசியில் இரு விரலகலம் ஆயிற்று. கோட்டை கட்டிய நிலவைப் போல, நடுவே வெண்மையும் சுற்றிலும் மங்கலுமாகத் தட்டுகள் வந்தன. களைத்த கை எங்கும் பிழைவிடும். நடுவை மட்டும் காத்து ஓரத்தை விடும் கை எத்தகையது? நிஷாந்தி இரவெல்லாம் எண்ணிப் பார்த்து, ஒரு விடையைக் கண்டாள். இது வேண்டுமென்றே செய்வது. வாயால் சொல்லாத மனத்தாங்கலை ராத்தா விரலால் சொல்கிறாள். நாற்காலியில் இருக்கிறாயே, பொறுக்கு என்கிறாள். அவ்விடை அவளை வருத்தியது. ஆயினும் ஒருவகையில் ஆறுதலும் தந்தது. தண்டனை கிடைத்துவிட்டது, அதை அமைதியாக ஏற்பதே தனக்கு அழகு என்று அவள் முடிவு செய்தாள். இவ்வாறு ஒளி இழந்துகொண்டிருந்த ஒருத்தியின்மேல், அவள் கனவிலும் கருதாத வஞ்சம் ஒன்று ஏற்றப்பட்டது.

வேறு அறிகுறிகளும் இல்லாமல் இல்லை. ஒருநாள் கைறுன்னிஸா திறந்திருந்த கதவின் விளிம்பில் தோள் இடித்துத் தட்டைச் சிதறவிட்டாள்.

"என்னா ராத்தா, காலையிலேயே கதவோட சண்டையா?" என்றாள் சுதர்சினி.

"நான் நேராத்தான் வந்தேன். கதவுதான் என்னய வந்து இடிச்சிச்சி."

"கதவுக்கும் ஒங்க மேல ஆச வந்திருச்சு போல!"

"அப்பிடித்தான் ஈக்கும் புள்ள. ஒன்னப் பாத்தா அது பூட்டிக்கொள்ளுது, என்னப் பாத்தா தொறக்குது."

சிரிப்பொலியில் கராம்பு மீண்டும் அள்ளப்பட்டது. சிதறியவற்றுள் தன் கால்மாட்டில் கிடந்த ஒரு பிடியை மட்டும் அள்ளாமலே கைறுன்னிஸா எழுந்து சென்றதை நிஷாந்தி பார்த்தாள். அதையும் மனத்தாங்கலின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

பங்குனி மாதத்தில், நோன்புக் காலம் முடிவதற்குச் சில நாள் முன்னே, முதலாளி அவளை மாத்தளை நகரில் நடந்த மூன்றுநாள் வகுப்பொன்றுக்கு அனுப்பிவைத்தார். பணியிடத்தில் நற்றலைமைக்குரிய பழக்கங்களைப் பயிற்றுவிக்கும் வகுப்பு அது. தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்தும் தையற்கூடங்களிலிருந்தும் வந்திருந்த நாற்பது பேருக்கு நடுவே நிஷாந்தி அமர்ந்து, சொன்னவற்றையெல்லாம் முத்துக்கோத்தாற்போல் எழுதிக்கொண்டாள். சொல்வதற்கு முன் கேள். புகழத்தக்கதைப் பலர் முன் புகழ். பிழையை அன்றே, தனியே, உரியவரிடமே சொல். மூன்றாம் நாள், தத்தம் பழக்கங்களுள் சிறந்ததென்று கருதுவதைச் சொல்லுமாறு பயிற்றுநர் கேட்டபோது, அவள் எழுந்து நின்று, "என் கீழ் வேலை செய்பவர்களின் பிழையை அவர்கள் மனம் நோகாதபடி நானே திருத்திவிடுவேன்" என்றாள். வகுப்பு கைதட்டியது.

பயிற்றுநர் நரைகலந்த கூந்தலை முடிந்திருந்த ஒரு பெண்மணி. அவர் கைதட்டவில்லை. "நல்லது. நீங்கள் திருத்துவது அவர்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது, மிஸ்."

"தெரியாததை அவர்கள் எப்படிச் சரிசெய்துகொள்வார்கள்?"

அந்நேரம் தேநீர் வந்தது, நாற்காலிகள் நகர்ந்தன, கேள்வி கூட்டத்தின் இரைச்சலில் கரைந்தது. ஆனால் மாலைப் பேருந்தில், சாளரத்துக் கம்பியில் நெற்றி சாய்த்து வந்தவளின் உள்ளத்தில் அது கரையவில்லை. பெருநாள் விடுமுறை முடிந்து கூடம் திறக்கும் முதல்நாளே ராத்தாவைத் தனியே அழைத்துச் சொல்லிவிடுவது என்று உறுதி பூண்டாள். சொல்லவேண்டிய சொற்களை, ஒன்றின்பின் ஒன்றாய் அடுக்கி, இரவு முழுதும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அந்நாளும் வந்தது. அவள் வாய் திறப்பதற்குள், கைறுன்னிஸா மேசையருகே வந்து துணியால் மூடிய கிண்ணம் ஒன்றை வைத்தாள். உள்ளே, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் திரண்டு நடுங்கும் வட்டிலாப்பம்.

"எல்லாருக்கும் அந்தப் பெரிய சட்டியில ஈக்கி. இது ஒனக்கு மட்டும். பகலைக்கி நீ திங்கிறல்லயே, நான் காணல்ல எண்டு நெனச்சியா? மெலிஞ்சி போய்ட்ட மகள்."

அன்பினால் நீட்டப்பட்ட கிண்ணத்தின் முன் எந்த உண்மைதான் தலைதூக்கும்? அடுக்கி வைத்திருந்த சொற்கள் ஒவ்வொன்றாய் இறங்கிப் போயின. "நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்று நிஷாந்தி தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன்மேல் வஞ்சம் வைத்திருப்பவள் தனக்கென்று தனிக் கிண்ணம் கொண்டுவருவாளா என்ற எளிய கேள்வி அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிய கேள்வியைத் தொடர்ந்து செல்ல அவள் அஞ்சினாள். ஏனெனில் வஞ்சம் இல்லையென்றால், அந்த வளையத்துக்கு வேறு பொருள் தேடவேண்டும். நாளை என்பது மறுநாளாயிற்று. மறுநாள் அடுத்த கிழமையாயிற்று. சித்திரை வெயிலும் ஆடிக்காற்றும் ஐப்பசி மழையும் அந்த ஒற்றைச் சொல்லின்மேல் வந்து போயின. வளையமோ மூன்று விரலகலம் ஆகி, நடுவே ஓர் உள்ளங்கை அளவு துப்புரவே எஞ்சிற்று.

மறுபடியும் தை வந்தது. கராம்பு மிகுந்து வந்த அந்நாள்களில் நிஷாந்தி கடுங்காய்ச்சலில் விழுந்தாள். ஐந்து நாள்கள் தோட்டத்து வீட்டில் போர்வைக்குள் கிடந்தாள். அவ்வைந்து நாளும் நிறுவை மேசையில் முதலாளியே அமர்ந்தார்.

ஜவாஹிர் முதலாளி இன்சொல் அறியாதவர். அவர் கூடத்துக்குள் வந்தால் சுதர்சினியின் வாயும் அடங்கும். முதல்நாள் பச்சை நூல் தட்டு அவர்முன் வந்தது. அவர் அதைப் பார்த்தார், எடுத்து வந்த பெண்ணைப் பார்த்தார், "திருப்பு" என்றார்.

தட்டு திரும்பினால் வழக்கமாய் எழும் 'தேநீர், தேநீர்' என்னும் கேலிக் கூச்சல் அன்று எழவில்லை. கைறுன்னிஸா எழுந்து வந்தாள்.

"வேற யார்டயும் தட்டாயிரிக்கும். நல்லாப் பாருங்க மொதலாளி."

"பச்ச நூல் ஒங்கடதானே?"

"என்டதான். ஆனா என்ட தட்டு திரும்புறல்லயே."

அவள் மீண்டும் அமர்ந்து, இருமடங்கு கருத்தோடு, உதடு அசைய ஏதோ ஓதிக்கொண்டு, ஒவ்வொரு மொட்டாய்ப் பொறுக்கினாள். தட்டு மறுபடி மேசைக்கு வந்தது. மறுபடியும் அதே வளையம். முதலாளி நெடுநேரம் அதைப் பார்த்திருந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளி எழுந்து அவளெதிரே வந்து நின்றார். அவர் குரல் அதுவரை யாரும் கேட்டிராத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

"கைறுன்னிஸா, என்ட மூக்கயே பாத்துக்கொண்டு இரிங்க. அசையாதீங்க. இப்ப என்ட கை எங்க ஈக்கி?"

"எந்தக் கை?"

அவளுடைய இடத்தோளுக்கு நேரே, ஒரு முழத் தொலைவில், அவர் தம் கையை விரித்து அசைத்துக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்த அத்தனை பெண்களும் அதைக் கண்டார்கள். அவள் காணவில்லை.

"என்ட வாப்பாவும் இப்பிடித்தான்" என்றார் முதலாளி. "சோத்துக் கோப்பையில நடுவுல மட்டும் திம்பாரு. ஓரத்துச் சோறு அப்பிடியே கிடக்கும். உம்மா ஏசுவாங்க, வீணாக்குறாரெண்டு." தம் வண்டியிலேயே அவளை மாத்தளை மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கிருந்து அவர்கள் கண்டிக்கு அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் வந்த நிஷாந்தி, சாளரத்தின் கீழே முதலிடம் வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டாள். நடந்ததைச் சுதர்சினி சொன்னாள். கேலியெல்லாம் வடிந்துபோன முகத்தோடு சொன்னாள்.

"கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரத்துல இருந்து பார்வைய திங்குமாம், வலிக்காதாம், போறதும் தெரியாதாம். போனது போனதுதானாம். ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கலக்கா. நீங்க இருந்த வரைக்கும் ராத்தாட தட்டு நல்லாத்தானே இருந்திச்சு? அஞ்சு நாளையிலயா ஒரு கண்ணு போகும்?"

தை, மார்கழி, ஐப்பசி என்று நிஷாந்தியின் நினைவு பின்னோக்கி ஓடியது. ஒவ்வொரு தட்டும், ஒவ்வொரு வளையமும், தான் துடைத்தெறிந்த ஒவ்வொரு காம்பும், நோயின் எழுத்தாய் அவள் கண்முன் நிரையாக எழுந்து நின்றன. பதினெட்டுத் திங்கள் நாள்தோறும் ஒரு கடிதம் அவள் மேசைக்கு வந்திருக்கிறது. அவள் நாள்தோறும் அதை அழித்திருக்கிறாள்.

அன்று அவள் முதலில் முதலாளியிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒன்ன வெரட்டுற நோக்கம் எனக்கு இல்ல. வெரட்டினா ஒனக்கு லேசாப் போயிரும்" என்றார். "நாளையிலருந்து எந்தத் தட்டும் ஒன்ட வெரல் படாம நிறுக்கணும். இப்ப போய் அவவுக்குச் சொல்லு. என்ட வாயால நான் சொல்ல மாட்டேன்."

கைறுன்னிஸாவின் வீடு, பள்ளிவாசலைக் கடந்து ஏறும் ஒற்றையடிப் பாதையின் முடிவில் இருந்தது. அவள் மகள் ஹமீமா கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிட்டாள், சொட்டுமருந்துப் புட்டியை எடுத்துக் காட்டி, எஞ்சியிருக்கும் ஒளியை இது காக்கக்கூடும், போனதை மீட்காது என்று கண்டி மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். "ஒரு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா நெறயக் காப்பாத்தியிருக்கலாமாம். வேல செய்ற எடத்துல யாரும் கவனிக்கல்லயா எண்டு கேட்டாரு" என்றாள். வலக்கண் முழுதும் போயிற்று. இடக்கண்ணில், விரல்களைச் சுருட்டி அதன் துளைவழியே பார்ப்பது போன்ற சிறு வட்டம் மட்டுமே இருந்தது. அவ்வட்டத்தை மெல்லத் திருப்பித் திருப்பி நிஷாந்தியின் முகத்தைத் தேடிக் கண்ட கைறுன்னிஸா, "காய்ச்சல் விட்டிச்சா மகள்?" என்றாள்.

அச்சொல் கேட்டு நிஷாந்தி தரையில் அமர்ந்து அழுதாள். அழுகையினூடே சொன்னாள். ஆடி மாதத்து நான்கு காம்பு; நண்பகல் அடைத்த கதவு; வளையம்; பெருநாள் கழிந்து சொல்ல நினைத்தது; கிண்ணத்தைக் கண்டு விழுங்கியது. ஒன்றையும் மறைக்கவில்லை. கைறுன்னிஸாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது, நிஷாந்தியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அடுக்களையில் ஹமீமா கழுவிக்கொண்டிருந்த ஏனங்களின் ஓசை நின்றுபோயிற்று.

"அப்ப, நான் காணாதத நீ கண்டீக்கிற" என்றாள் கடைசியில். "தினம் கண்டீக்கிற."

"ஆமா ராத்தா."

"நான் எரிச்சல்ல செய்றேன் எண்டு நெனச்சியா? அந்தக் கதிரைக்காகவா?"

அந்த நாற்காலியை நினைத்து நிஷாந்தி தலைகுனிந்தாள்.

"எனக்கு அந்தக் கதிர வேணாமெண்டு மொதலாளிக்கு நானேதான் சொன்னேன் மகள். எழுத்து வேல எனக்கு ஏலாது, அந்தப் புள்ளைக்குக் குடுங்க எண்டேன். அவர் ஒனக்குச் சொல்லல்லயா?" அவள் குரலில் சினம் இல்லை, சினத்தைவிடக் கொடிய வியப்பு இருந்தது. "ஒரு தட்டத் திருப்பியிருந்தா என்ன நடந்திரிக்கும்? ஒரு நாளைக்கி எல்லாருக்கும் பிளேன்டி ஊத்தியிருப்பேன். சுதர்சினி நாலு நாள் நையாண்டி பண்ணியிருப்பா. அவ்வளவுதானே?"

"மன்னிச்சிருங்க ராத்தா."

"மன்னிக்கிறதுக்கு அல்லாஹ் ஈக்கிறான். நான் ஒன்ன ஏசவும் மாட்டேன்." கைறுன்னிஸா கைநீட்டி, காற்றில் இருமுறை தடவி, அவள் தலையைக் கண்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். "ஆனா இனி இங்க வராத மகள். கோவமெண்டு இல்ல. ஒன்ட கொரல் கேட்டா, என்னத்தயெல்லாம் பாக்காமப் போய்ட்டேன் எண்டு நெனவு வருது. அத எனக்குத் தாங்க ஏலாது."

நிஷாந்தி எழுந்தாள். ஒற்றையடிப் பாதையில் இறங்கியவள், நடுவழியில் ஒரு பாறையில் அமர்ந்து, மலைமுகட்டில் மறையும் கதிரவனைக் கண்கொட்டாமல் பார்த்திருந்தாள். தன் கண்கள் குறைவின்றிக் காணுந்தோறும் அவளுக்கு நாணமாயிருந்தது.

மறுநாள் சுதர்சினியின் தட்டில் காம்பு இருந்தது. நிஷாந்தி அதைத் தானே எடுத்துச் சென்று அவளருகே குந்தி, வேறு யார் காதிலும் விழாத குரலில் இடத்தைக் காட்டினாள். அதன்பின் ஒருநாளும் அவள் பிழையைக் கண்டு பேசாதிருந்ததில்லை. பேசும்போது ஒருத்தியையும் நாணச் செய்ததும் இல்லை. ஏன் இப்படி வருகிறது, உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன என்று கேட்டபிறகே குறையைச் சொல்வாள். கூடத்துப் பெண்கள் அவள் சொல்லை நம்பலானார்கள். புகழ்ந்தாலும் அது மெய், குறை சொன்னாலும் அது மெய் என்றார்கள். அடுத்த ஆண்டு மாத்தளையில் நடந்த வகுப்புக்கு அவளைப் பேசவே அழைத்தார்கள். இந்நற்பழக்கங்களை எங்கே கற்றீர்கள் என்று ஒருவர் கேட்டபோது, அவள் மேசையிலிருந்த நீரைப் பருகி, விடை சொல்லாமலே அமர்ந்துவிட்டாள். அவள் கற்ற கல்விக்கு இன்னொருத்தி விலைகொடுத்திருந்தாள். அவ்விலையை அவையில் சொல்லிக் கைதட்டு வாங்க அவளுக்கு மனம் வரவில்லை.

அவ்வாண்டின் மாசியில், வெள்ளிக்கிழமைச் சந்தை நிறைந்திருந்த பொழுதொன்றில், நிஷாந்தி கீரைக்கடை ஓரமாக நின்றிருந்தாள். எதிரே ஹமீமாவின் கையைப் பற்றிக்கொண்டு கைறுன்னிஸா வந்தாள். முகத்தைச் சற்றே உயர்த்தி, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் கண்டு, அதை விட்டு அடுத்ததைக் கண்டு, உலகைத் துண்டு துண்டாய்க் கோத்துக்கொண்டு நடந்து வந்தாள். ஹமீமா விலைபேசத் திரும்பியிருந்தாள். நிஷாந்தி நின்றது வலப்பக்கம். ஒளி முற்றும் அவிந்த பக்கம். இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. கைறுன்னிஸாவின் சேலைத்தலைப்பு நிஷாந்தியின் கையில் உரசிச் சென்றது. கூப்பிடக் குரல் தொண்டைவரை வந்தது. ஒன்றரை ஆண்டு பேசவேண்டிய பொழுதெல்லாம் பேசாதிருந்த அந்த நா, இப்போது பேசத் துடித்தது. அவள் அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

படித்தவரே, இரண்டும் மௌனந்தான். முன்னையது தன் நெஞ்சு நோகாதிருக்க அவள் காத்தது. அதற்கு அன்பு என்று பெயரிட்டிருந்தாள். பின்னையது பிறர் நெஞ்சு நோகாதிருக்க அவள் சுமந்தது. அதற்கு அவள் பெயர் எதுவும் இடவில்லை. கூட்டம் பிரிந்து மூடிக்கொண்டது. முக்காட்டு முனை ஒன்று, மிளகு மூட்டைகளுக்கும் வாழைக்குலைகளுக்கும் இடையே சிறிது தொலைவு தெரிந்து, பிறகு தெரியாமற் போயிற்று. கீரைக்காரி இரண்டாம் முறை விலை சொன்னாள். நிஷாந்தி அதைக் கேட்கவில்லை.